மீதியை வெள்ளித்திரையில் காண்க: சர்ரியல் படம் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்குச்சட்டி, பர்மா அரக்குப் பெட்டி, ரவிவர்மா படம், கதவு நிலை என்று, இடித்த வீடுகளில் இருந்ததெல்லாம் அங்கேதான் வந்து சேரும். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர், "அண்ணே, பிஸ்கட் டப்பான்னு எடுத்து வச்சேன். திறந்தா உள்ள பிலிம் இருக்கு. உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்று ஒரு வட்டத் தகர டப்பாவை நீட்டினார். உள்ளே 16 மி.மீ. சுருள், நாலைந்து நிமிடம் ஓடும் அளவு. தலைப்பு கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கூடத்தின் நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். சன்னலுக்கு வெளியே நல்ல வெயில். மழை குடைக்குள்ளே பெய்கிறது.

அப்பா டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்தவர். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரே பார்வைதான். "மழை இல்லடா, கீறல்" என்றார். தேய்ந்துபோன பிரிண்டைப் போட்டால் 'படத்துல மழை பெய்யுது' என்று கொட்டகை ஜனம் கத்துமே, அந்த மழையைச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்று இரவு பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். கீறல் என்றால் அது ஒரு கட்டத்தின் (ஃபிரேமின்) எல்லைக் கோட்டையும் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் நேராக ஓடும். கேமராவில் பிடித்த மழை அந்தந்தக் கட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். பாதிக் கோடுகள் கட்டம் விட்டுக் கட்டம் தாண்டின. மீதிக் கோடுகள் குடையின் விளிம்புக்கு வந்ததும் நின்றன. ஆக, அந்தச் சுருளில் இரண்டு மழையும் இருந்தது. காலையில் அப்பாவிடம் காட்டினேன். அவரும் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தொடங்கியது இந்தச் சர்ரியல் படச் சேகரிப்பு, அதாவது கனவுபோலக் காரணகாரியத்துக்குக் கட்டுப்படாமல் ஓடும் படங்களின் சேகரிப்பு. இதே வேலையில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: இந்த ஆசையைப் புரிந்துகொள்ளுங்கள்

வாங்குவதற்கு முன்னால் ஏன் வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வீடு நிறைய டப்பா சேரும், வேறொன்றும் நடக்காது.

பழைய பாட்டுப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி சிறைப்பட்டதும், வில்லன் வாளை உருவியதும், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள். கதைப் படத்தின் பிரிண்ட் அழிந்தாலும் அந்தச் சுருக்கம் நிற்கும். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. ஆனாலும் டி.பி. ராஜலட்சுமி நடித்தார், எச்.எம். ரெட்டி இயக்கினார் என்று சொல்கிறோம். காளிதாசன் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். படம் போய்விட்டது, கதை மிஞ்சியிருக்கிறது.

சர்ரியல் படத்துக்கு இந்த வழி கிடையாது. அதைச் சுருக்கி எழுத முடியாது, பேரப்பிள்ளையை மடியில் போட்டுச் சொல்லவும் முடியாது. குடைக்குள் மழை பெய்ததாக நான் சொன்னேன். அந்த ஆள் நின்ற விதமும், குடைக்காம்பில் அவர் விரல் ஊன்றியிருந்த விதமும் உங்களுக்கு வந்து சேர்ந்ததா? சர்ரியல் படம் முழுக்க அந்த 'மீதி'தான். பிரதி போனால் எல்லாம் போச்சு. இந்த வகைப் படத்தைத் தேடுகிறவர்களுக்குள் இருக்கும் பதற்றம் இதிலிருந்துதான் வருகிறது. அபூர்வப் பொருளை வைத்திருக்கும் பெருமையும் கொஞ்சம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெருமை மட்டும் இருந்தால் இரண்டு வருடத்தில் சலித்துவிடும்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், விளம்பரத் துண்டு என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் எடுத்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆக்கியது. எது பயன்படும் என்று இன்றைக்கே தீர்ப்புச் சொல்லாமல் சேர்த்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

இரண்டாம் படி: சேர்ப்பதற்கு முன் பாருங்கள்

சர்ரியலிசம் என்ற பெயரில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் பாரிஸில் அறிக்கை வெளியிட்டது 1924-இல். சினிமாவுக்கு அது முழு வீச்சோடு வந்தது 1929-இல், இயக்குநர் லூயி புனுவலும் ஓவியர் சல்வடோர் டாலியும் சேர்ந்து எடுத்த 'அன் ஷியன் அந்தாலு' மூலமாக. ஆளுக்கொரு கனவிலிருந்து தொடங்கினார்கள். நிலவை மேகம் அறுத்துக்கொண்டு போவது ஒருவர் கனவு. உள்ளங்கையில் எறும்பு மொய்ப்பது மற்றவர் கனவு. 'இதற்கு இதுதான் காரணம்' என்று அறிவு சொல்லக்கூடிய எந்தக் காட்சியும் கூடாது என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. முதல் திரையிடலில் புனுவல் திரைக்குப் பின்னால் நின்று கிராமபோனில் டாங்கோ நடன இசையையும் வாக்னரின் இசையையும் மாற்றி மாற்றிப் போட்டாராம். ஏவி.எம்.மின் சினிமாவும் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வளர்ந்ததுதான் என்பதால், இந்தக் கிராமபோன் சங்கதி காரைக்குடிக்காரனான எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

அடுத்து அமெரிக்க இயக்குநர் மாயா டெரென், தன் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிடோடு சேர்ந்து 1943-இல் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்'. 14 நிமிடம். ஒரு சாவி, ஒரு ரொட்டிக் கத்தி, ஒரு பூ, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்த கறுப்பு உருவம். மதியம் சாப்பிட்டுவிட்டு வளவு என்கிற உள்முற்றத்துத் தூணில் சாய்ந்து கண்ணயர்கிறவர்களுக்கு இந்தப் படம் அந்நியமாகவே தெரியாது. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

நம் நாட்டுப் படங்களை விட்டுவிடாதீர்கள். கமல் ஸ்வரூப்பின் 'ஓம் தர்-ப-தர்' 1988-இல் முடிந்த இந்திப் படம். திரையரங்குக்கு வந்தது 2014-இல். நடுவில் இருந்த 26 வருடமும் அது வி.எச்.எஸ். வீடியோ நாடாவில், பிரதிக்குப் பிரதி மங்கிக்கொண்டே, கை மாறிக் கை மாறித்தான் வாழ்ந்தது. அந்த மங்கல் நாடாவை வைத்திருந்தவர்கள் இல்லையென்றால் படத்தின் பெயரையே மறந்திருப்போம். ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தமிழிலேயே இருக்கிறது. அதைச் சர்ரியல் என்று முத்திரை குத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கொல்லப்பட்ட கழுதையின் பெயரால் அற்புதங்கள் நடக்கத் தொடங்கும் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் நான் ஏன் இங்கே சேர்க்கிறேன் என்று புரிந்துகொள்வார்கள்.

முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். பாருங்கள். எந்தப் படம் பத்து நாள் கழித்தும் குளிக்கும்போது நினைவுக்கு வருகிறதோ அதைக் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் பட்டியல்.

மூன்றாம் படி: எந்த வடிவம் என்று கேளுங்கள்

சேகரிப்பாளருக்கும் ரசிகருக்கும் வித்தியாசம் தொடங்கும் இடம் இது. ரசிகர் படத்தைக் கேட்பார். சேகரிப்பாளர் எந்தப் பிரதி என்று கேட்பார்.

ஓடும் நேரத்தைப் பாருங்கள். 'அன் ஷியன் அந்தாலு' ஒரு டிஸ்க்கில் 16 நிமிடம் என்றும் இன்னொன்றில் 21 நிமிடம் என்றும் இருக்கும். எதுவும் வெட்டப்படவில்லை. ஒன்று வினாடிக்கு 24 கட்டம், மற்றது சுமார் 18 கட்டம். மௌனப் படங்களில் இந்த வேக விவகாரம் எப்போதும் உண்டு. டி.வி.டி.யில் இன்னொரு சங்கதி: நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் இருந்த பால் (PAL) என்ற டி.வி. முறையில் 24 கட்டத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு மயிரிழை உயரும். அதைப் பார்த்து 'நாலு நிமிடம் வெட்டிவிட்டான்' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

உண்மையிலேயே வெட்டிய படங்களும் உண்டு. செர்கேய் பரஜானவின் 'மாதுளையின் நிறம்' (1969) இரண்டு உருவத்தில் இருக்கிறது. ஆர்மேனியாவில் வெளியானது ஒன்று. செர்கேய் யுத்கேவிச் குறைத்து, வரிசை மாற்றித் தொகுத்தது மற்றொன்று. 2014-இல் செய்த சீரமைப்பு பார்க்க அற்புதமாக இருக்கும். இருந்தாலும் இரண்டையும் வைத்திருங்கள். எதை நீக்கினார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

டிஸ்க் வாங்கும்போது, அது எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று சொல்லும் வட்டார எண்ணைப் பாருங்கள். டி.வி.டி. என்றால் நமக்கு 5. புளூ-ரே என்றால் சி. அமெரிக்காவிலிருந்து வரும் டிஸ்க்கில் 1, அல்லது ஏ இருக்கும். எல்லா வட்டாரத்தையும் ஓட்டும் பிளேயர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நான்காம் படி: தேடும் இடங்கள்

பழம்பொருள் கடைகளுக்குத் தவறாமல் போய் வாருங்கள். 'ஃபிலிம் இருக்கா' என்று மட்டும் கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அவர்களுக்கு அது வட்டத் தகர டப்பா. 'வட்ட டப்பா, கிராமபோன் சாமான், கேமரா, மேஜிக் லாந்தர் எது வந்தாலும் ஒரு போன் போடுங்க' என்று சொல்லி வையுங்கள். பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் ஊர் இது. கண்ணாடியும் சலவைக்கல்லும் வந்த கப்பலில் சின்ன புரொஜெக்டரும் வந்திருக்கலாம். பாத்தே கம்பெனி 1922-லேயே வீட்டுக்கென்று 9.5 மி.மீ. கருவி விற்கத் தொடங்கிவிட்டது. அந்த ஃபிலிமை அடையாளம் காண்பது எளிது. ஓட்டை ஓரத்தில் இருக்காது, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும்.

வீட்டைப் பிரிக்கும்போது பங்காளிகள் நாலு பேரும் இருப்பார்கள். அந்த இடத்தில் விலை பேசாதீர்கள். ஒருவர் சரி என்பார், இன்னொருவர் மறுநாள் வந்து கேட்பார். எல்லோருக்கும் தெரிந்து, எழுதி வாங்கிக்கொண்டு எடுங்கள்.

வீட்டு மூலையில் என்ன கிடக்கும் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் உண்டு. கினுகாசா தெய்னொசுகே 1926-இல் எடுத்த 'எ பேஜ் ஆஃப் மேட்னஸ்' பல பத்தாண்டுகள் தொலைந்த படமாகவே கணக்கில் இருந்தது. 1971-இல் இயக்குநரே தன் வீட்டுச் சாமான் அறையில் அதைக் கண்டெடுத்தார். அரிசி வைக்கும் பீப்பாய்க்குள் இருந்ததாகச் சொல்வார்கள். எடுத்தவர் வீட்டிலேயே 45 வருடம்! இரண்டாம் கட்டு அறைகளைப் பூட்டிச் சாவியை மறந்துபோன நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அமெரிக்காவில் ஜோசப் கார்னெல் என்றொருவர். பழைய பொருள்களைச் சேர்த்துச் சின்னப் பெட்டிகளுக்குள் அடுக்கி வைப்பவர். 1931-இல் வந்த 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற சாதாரணச் சாகசப் படத்தின் 16 மி.மீ. பிரதி அவர் கைக்கு வந்தது. நாயகி வரும் இடங்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி, முன்பின்னாக ஒட்டி, நீலக் கண்ணாடி வழியாக மெதுவாக ஓட்டி, பின்னால் இசைத்தட்டைப் போட்டார். நடிகையின் பெயரான 'ரோஸ் ஹோபார்ட்' என்பதே படத்தின் பெயர், சுமார் 19 நிமிடம். 1936-இல் அதைப் பார்த்த டாலி, தன் மனசுக்குள் இருந்ததைத் திருடிவிட்டதாகக் கத்திப் புரொஜெக்டரைத் தள்ளிவிட்டார். கார்னெல் அதன்பின் வெகுகாலம் பொதுவில் காட்டவே தயங்கினார். படம் சேர்த்த ஒருவர், சேர்த்ததிலிருந்தே எடுத்த படம் அது. இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகப் பிரியமானவர் இவர்தான்.

ஐந்தாம் படி: சுருளைச் சோதியுங்கள்

முதலில் மூக்கு. டப்பாவைத் திறந்ததும் புளிக்காடி வாசனை, அதாவது வினிகர் நெடி அடித்தால் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். அதை நிறுத்த வழியில்லை, தாமதப்படுத்தத்தான் முடியும்.

பிறகு கண். 35 மி.மீ. சுருளாக இருந்து, 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையது என்று தோன்றினால் கை வைக்காதீர்கள். எளிதில் தீப்பற்றும் பழைய வகையான நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். சிதைந்துபோன நைட்ரேட் நம் சித்திரை வெயிலில் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. வீட்டில் ஓர் இரவுகூட வேண்டாம். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது, அவர்களிடம் கேளுங்கள். 16 மி.மீ.க்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. வீட்டு உபயோகத்துக்கென்று 1923-இல் கோடக் அதைக் கொண்டுவந்தபோதே எளிதில் தீப்பற்றாத ஃபிலிமாகத்தான் செய்தது.

ஓரத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தால் மௌனப் படம். ஒரு பக்கம் ஓட்டையும் மறுபக்கம் வரிவரியாகக் கோடும் இருந்தால் ஒலித்தடம் உள்ள படம். கோடக் ஃபிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். அது ஃபிலிம் தயாரான வருடத்தைச் சொல்லும், 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். படம் எடுத்த வருடத்தை அது சொல்லாது, குழப்பிக்கொள்ளாதீர்கள். வண்ணப் படம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தால் நீலப்பச்சைச் சாயம் வெளுத்துவிட்டது.

கடைசியாக, ஃபிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள். புது ஃபிலிம் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பழையதைப் பக்கத்தில் நீட்டி, முதல் ஓட்டையை ஒன்றாகப் பொருத்தி நூறு ஓட்டை எண்ணுங்கள். நூறாவது இடத்தில் முழுதாக ஓர் ஓட்டை தள்ளிப்போயிருந்தால் நூற்றுக்கு ஒன்று சுருங்கியிருக்கிறது. அதை புரொஜெக்டரில் போட்டால் பல்சக்கரம் கிழித்துவிடும். நேராக ஸ்கேன் செய்யத்தான் கொடுக்க வேண்டும்.

ஆறாம் படி: நம் வீட்டில், நம் வெயிலில் வைப்பது

இதில் நான் ஒரு தவறு செய்து சுருள்களை இழந்திருக்கிறேன். நெடி அடித்த ஒரு சுருளை மற்ற ஏழு சுருள்களோடு சேர்த்து, காற்றுப் புகாமல் மூடும் பழைய இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். பத்திரம் என்று நினைத்தேன். ஒரு கோடை முடிந்து திறந்தபோது மூச்சு முட்டியது. எட்டுச் சுருளும் நெடி. அமில ஆவி வெளியேற வழியில்லாமல் எல்லாவற்றையும் பிடித்துவிட்டது.

ஆகவே நெடி அடிப்பதைத் தனியாக, வேறு அறையில் வையுங்கள். துருப்பிடித்த தகரத்தை விட்டு, காற்றோட்டத் துளையுள்ள பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். படுக்க வைத்து அடுக்குங்கள். மாடி வேண்டாம், தட்டோடு தகிக்கும். கீழ்க்கட்டில், வளவைச் சுற்றி இருக்கும் சுண்ணாம்புச் சுவர் அறைகளில் மேற்குச் சுவர் படாத அறையைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரமானி 50 சதவீதத்தைத் தாண்டினால் சிலிக்கா ஜெல் மாற்றுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. வி.எச்.எஸ். நாடா என்றால் நிறுத்தி வைத்து, பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாமல் ஒதுக்குங்கள்.

ஸ்கேன் செய்த கோப்பு இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலாவது இருக்கட்டும். ஒன்று வெளியூரில், மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ.

ஏழாம் படி: பேரேடு போடுங்கள்

வட்டிக்கடைக் கணக்கில் ஒரு தம்பிடி விடாமல் பேரேடும் ஐந்தொகையும் எழுதிய ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் நோட்டில் குடைச் சுருளின் பக்கம் இப்படி இருக்கிறது:

'வரவு: முனீஸ்வரன் கோயில் தெரு. 16 மி.மீ., கறுப்பு வெள்ளை, இரு பக்க ஓட்டை, மௌனம். தலைப்பு இல்லை. டப்பாவில் எழுத்து இல்லை. நெடி: இல்லை. சுருக்கம்: நூற்றுக்கு அரைக்கும் கீழே. ஒட்டு: 3, மூன்றாவது விட்டிருக்கிறது. மழை: கீறலும் உண்டு, படமும் உண்டு. ஸ்கேன் ஆனது. மூலத்தை ஓட்டக் கூடாது.'

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஊகத்தைப் பென்சிலில், தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

எட்டாம் படி: நாலு பேருக்குக் காட்டுங்கள்

உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான வருடத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை. அதற்கு உட்பட்டதென்றால் அனுமதி கேளுங்கள். உரிமைக்காரருக்கும் இயக்குநருக்கும் ஒத்துப்போகாமல் படம் முடங்குவதும் உண்டு. இயக்குநர் ஹொடொரோவ்ஸ்கியின் 'எல் தோப்போ' அப்படித்தான் முப்பது வருடம் போல முறையாக வெளிவராமல் கிடந்து, 2007-இல் டி.வி.டி.யாக வந்தது.

நான் வெள்ளிக்கிழமை இரவு முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுகிறேன். பத்துப் பேர் வருவார்கள். முன்னுரை பேசுவதில்லை. படத்தின் பெயர், வருடம், எத்தனை நிமிடம், அவ்வளவுதான். முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள், ஒரு நிமிடம் இருட்டாகவே விடுங்கள். 'என்ன அர்த்தம்' என்று கேட்டால், 'எந்த இடம் ஞாபகம் இருக்கு' என்று திருப்பிக் கேளுங்கள்.

டெரென் படத்தை முதல்முறை போட்டபோது பக்கத்து வீட்டு அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். முடிந்ததும், "மூஞ்சிக்குக் கண்ணாடி வச்சிருந்தாளே, அவ மாடிப்படி ஏறுறப்ப பூவு எந்தக் கையில இருந்துச்சு?" என்றார். பத்துப் பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மறுபடி போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 14 நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். நீங்களும் அப்படியே ஒதுக்கிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பிளாஸ்க் காப்பியும்.